காணி பிரிச்சு விக்கிறதுக்கு கம்பஸ் படிப்பா?

கல்லாறு:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். பெறுபேறு வந்துவிட்டது. பொருளியல், கணக்கீடு, புவியியல் எடுத்தேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை எதற்கு மேலே போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் என்று ஒரு பட்டம் இருக்கிறது. மொறட்டுவையில் நகர, கிராமத் திட்டமிடல் இருக்கிறது. இரண்டையும் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டால், "ஏன் பிள்ளை, முகாமைத்துவம் போடலாமே, இல்லாவிட்டால் கலைப்பிரிவில் போய் ரீச்சர் ஆகலாமே" என்கிறார்கள்.

அப்பா இன்னும் ஒரு படி மேலே. "காணி பிரிச்சு விக்கிறதுக்கு கம்பஸ் படிப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையும் இல்லை. எங்கள் பக்கம் காணியோடு தொழில் செய்கிறவர் என்றால் மோட்டார் சைக்கிளில் வரும் புரோக்கர்தான். வேறு யாரையும் நான் கண்டதில்லை.

அப்பப்பாவுக்கு அரச குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும்தான் எங்களுக்கு இருப்பது. இதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள், முடித்தால் வன்னியில் வேலை உண்டா என்று சொல்லுங்கள்.

நாற்பதடி ரோட்டு:
தங்கச்சி, அப்பா சொன்னது நூறு வீதம் சரி. நானும் ஒரு புரோக்கர், படிப்பு ஓ.எல். மட்டும்தான். பரந்தனில் இருந்து முறிகண்டி வரைக்கும் எத்தனை காணித்துண்டு முடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஏ9 வீதி எவ்வளவு கிட்ட, கரண்ட் இருக்கா, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில். இந்த நாலையும் கேட்கத் தெரிந்தால் போதும். நாலு வருடம் கொழும்புப் பக்கம் போய்ச் செலவழிக்கத் தேவையில்லை.

கட்டுப்பெத்தைப் பழசு:
நான் மொறட்டுவையில் திட்டமிடல் படித்தவன். சொந்த ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு படிப்பையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜயவர்தனபுரவில் இருப்பது, ஒரு காணிக்கோ கட்டடத்துக்கோ என்ன பெறுமதி, அது ஏன் அந்தப் பெறுமதி, அதை வைத்து என்ன செய்தால் இலாபம் என்ற பக்கம். கணக்கீடும் பொருளியலும் உனக்குக் கைகொடுக்கும். முடித்தவர்கள் விலைமதிப்புத் திணைக்களம், வங்கிகள், தனியார் கம்பனிகள் என்று போகிறார்கள். மொறட்டுவையில் இருப்பது, எந்த நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது, வீதியும் வடிகாலும் எப்படிப் போக வேண்டும் என்ற பக்கம். நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம், காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம் என்று இடங்கள் இருக்கின்றன. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடச்சேர்க்கை பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலிலேயே பார். போன வருடத்து அண்ணாமார் சொல்வதைக் கேட்டு நிரப்பாதே.

படிப்பு ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித்தான் இருந்தது. ஆனால் பாதி வேலை எழுத்தில் இல்லை, வரைபடத்தில். ஸ்டூடியோ என்று சொல்வோம். ஒரு ஊரைக் கையில் தந்துவிடுவார்கள். தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு வளவிலும் என்ன நடக்கிறது என்று குறித்து, நிறம் தீட்டி, பிறகு ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, பத்து வருடத்துக்குப் பிறகு இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். இரவிரவாக முழித்திருந்த நாட்கள் அதிகம். 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வந்து செய்த திட்டத்தில் இருந்து, 1946இன் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம், 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் என்று சட்டமும் வரலாறும் ஒரு பக்கம் ஓடும்.

இனி நான் உண்மையாகச் சொல்ல வந்தது. இரண்டாம் வருடத்தில் செய்மதிப் படம் பார்த்து நிலப் பயன்பாட்டை வகைப்படுத்தப் பழக்கினார்கள். நான் ஆசைக்கு எங்கள் ஊரை எடுத்தேன். படத்தில் எங்கள் வளவு இருந்த இடம் "புதர்க்காடு" என்று வந்தது. மென்பொருள் பிழை செய்யவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து அவ்வளவு காலம் ஆள் இல்லாமல் கிடந்த காணியில் பாலையும் வீரையும் முளைத்து மரமாகிவிட்டன. மேலிருந்து பார்த்தால் காடுதான். அதை அப்படியே ஒரு அலுவலகத்தில் கொடுத்தால் அங்கே காடு என்று கோடு போடுவார்கள். கோடு போட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். போர் முடிந்த பிறகு ஒதுக்கக்காடு என்று வந்த எல்லைகளுக்குள் எத்தனை குடும்பத்தின் தோட்டம் இருக்கிறது என்று முல்லைத்தீவில் எந்தக் கிராமத்திலும் கேட்கலாம்.

விடுமுறையில் போய்ப் பார்த்தேன். பற்றைக்குள் கிணறு இருந்தது. கட்டுக் கிணறு. பக்கத்தில் இரண்டு தென்னை, ஒரு புளி. காட்டில் யாரும் கிணறு கட்டுவதில்லை. திரும்பிப் போய் என் வரைபடத்தில் "கைவிடப்பட்ட குடியிருப்பு" என்று ஒரு புது வகையைச் சேர்த்தேன். ஆசிரியர் ஏன் என்று கேட்டார். கிணற்றின் படத்தைக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்.

அந்தப் புரோக்கர் அண்ணையின் நாலு கேள்வியிலும் இது வராது.

நாற்பதடி ரோட்டு:
கிணறு நல்ல கதை தம்பி. ஆனால் பிள்ளை கேட்டது வேலை உண்டா என்று.

மல்லாவி டு மான்செஸ்டர்:
நான் இங்கிலாந்தில் ஆதன அபிவிருத்தி படித்து இப்போது ஒரு கம்பனியில் இருக்கிறேன். இங்கே பட்டம் எடுத்தவுடன் முடிவதில்லை. ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில்சார் அமைப்பின் பட்டய அளவையாளர் ஆவதற்கு என்னைப் போலப் புதிதாக முடித்தவர்கள் 24 மாதப் பயிற்சியும் அதன் பிறகு நேர்முகமும் தாண்ட வேண்டும்.

முதல் வருடத்தில் பழக்கும் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். எச்ச முறை மதிப்பீடு, அதாவது வரவில் செலவையும் இலாபத்தையும் கழித்து மிஞ்சுவதுதான் காணிக்குக் கொடுக்கக்கூடிய விலை. புரோக்கர் அண்ணை இதைத் தெரியாமலே மனதுக்குள் செய்துகொண்டிருப்பார். சும்மா ஒரு இலக்கம் வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ். பாதைக்கு 20 போனால் விற்க 140. ஒரு பேர்ச்சஸ் ஒரு இலட்சம் என்று வைத்தால் வரவு 140 இலட்சம். பாதை, வடிகால், அளவை, நொத்தாரிசு எல்லாம் 30. விளம்பரம் 5. கடன் வட்டி 10. செய்கிறவரின் இலாபம் 25. மிச்சம் 70. அதற்கு மேலே கொடுத்து அந்தக் காணியை வாங்கினால் கையைச் சுடும். விற்றுமுடிய இன்னொரு வருடம் இழுத்து வட்டி இரட்டித்தால் மிச்சம் 60. காணி அதேதான், ஒரு புல்லுக்கூட மாறவில்லை, ஆனால் பெறுமதி மாறிவிட்டது. எனக்கு இந்தப் படிப்புப் பிடித்ததே இந்த இடத்தில்தான்.

ஆனால் இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மல்லாவியில் வைக்க முடியாது. இங்கே 1947 சட்டத்துக்குப் பிறகு காணி உன்னுடையதாக இருந்தாலும் அதில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த அன்றே விலை ஏறும். ஆகவே எங்கள் தலையிடி முழுக்க அனுமதியைச் சுற்றித்தான். காணி யாருடையது என்பதில் பெரும்பாலும் சந்தேகமே வராது. ஊரில் அந்த முதல் கேள்வியிலேயே பாதிப்பேர் நிற்கிறார்கள்.

இன்னொன்று, நான் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி என் பெயருக்கு ஊரில் காணி வாங்கி எழுத முடியாது. முதுசமாக வருவது வேறு. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அதுவும் வேறு. இது தெரியாமல் எத்தனை பேர் மச்சான் பெயரிலும் மச்சாள் பெயரிலும் வாங்கி விட்டுவிட்டு இப்போது கதை பேச்சு இல்லாமல் இருக்கிறார்கள்!

துருசடி:
நான் காணிக் கிளையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிள்ளை, உன் அப்பப்பாவின் காணி உறுதிக் காணி இல்லை என்று நினைக்கிறேன். குடியேற்றத்தில் கிடைத்தது என்கிறாய். அப்படியென்றால் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிற்றாக (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்) இருக்கும். அல்லது அதற்குப் பிறகு அளிப்பாக (கிராண்ட்) மாறியிருக்கும். வீட்டில் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அதில் மூன்று இடத்தை வாசி. யார் பெயர், பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யாரைக் குறித்திருக்கிறது, எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. உன் அப்பா சொல்கிற "காணி பிரிச்சு விக்கிறது" உங்கள் காணியில் நடக்கவே நடக்காது. பேர்மிற் காணியை நினைத்தபடி பிரிக்கவும் முடியாது, அனுமதி இல்லாமல் கைமாற்றவும் முடியாது.

அந்தச் சட்டத்தைப் பலபேர் குடியேற்றச் சட்டம் என்றுதான் நினைக்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் அதுவே ஒரு திட்டமிடல் சட்டம். அரச காணியை யாருக்கும் கொடுக்க முன்னர், எது குடியேற்றத்துக்கு, எது கிராமக் காட்டுக்கு, எது மேய்ச்சலுக்கு என்று வகுத்துக் குறிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இன்றைக்கு வன்னியில் மாட்டுக்காரன் மாடுகளைக் கொண்டுபோய் விட இடமில்லாமல் திரிகிறான், வயல்காரன் மாட்டைப் பிடித்துக் கட்டுகிறான், இரண்டு பேரும் பொலிசில் நிற்கிறார்கள். மேய்ச்சல் தரை என்று எழுதிய சொல் எழுத்தில் மட்டும் நின்றதன் பலன். பிள்ளை படித்துவிட்டு வந்து இதில் ஏதாவது செய்தால் உன் பெயரைச் சொல்லிப் பால் காய்ச்சுவார்கள்.

எல்லைக் கல்லையும் பார்த்து வை. குளத்தின் கீழ் வரும் காணிகளில் நாலாவது கல் அனேகமாக வாய்க்காலுக்குள்தான் கிடக்கும். வாய்க்கால் வெட்டினவன் கல்லைப் பார்த்து வெட்டுவதில்லை.

முத்தையன்கட்டு மருமகள்:
துருசடி ஐயா, பின்னுரித்தாளர் என்றதும் எழுத வேண்டும் போல இருந்தது. மாமாவின் பேர்மிற்றில் மூத்த மகனின் பெயர்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் 2009க்குப் பிறகு இல்லை. இல்லை என்பதற்கும் பத்திரம் இல்லை. மாமி மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறா. நாங்கள் உழுகிறோம், விதைக்கிறோம், அறுக்கிறோம். பசளைக்கு எழுதப் போனாலும் கடனுக்குப் போனாலும் "பேர்மிற் யாருடைய பெயரில்" என்ற கேள்வியில் திருப்பி அனுப்புகிறார்கள்.

துருசடி:
மகள், மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டும் என்று இல்லை. மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. இறந்துவிட்டார் என்று யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. மாமியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். போரில் பத்திரம் தொலைந்தது, உரித்துப் பிரச்சினை என்று வந்த அரச காணி விடயங்களுக்காகவே 2013/01 என்ற சுற்றறிக்கையும் வந்தது. அந்தக் காலத்தில் காணிக் கச்சேரிக்கு (அரச காணி விசாரணைக்கு) பதிந்திருந்தால் உங்கள் கோவை (பைல்) பிரதேச செயலகத்தில் கிடக்கும். கோவை இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லாமல் போனால் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டி வரும். மூத்த மகனுக்கு முதலிடம் என்ற பழைய பின்னுரித்து ஒழுங்கும் அந்த 1935 சட்டத்தின் 2022 திருத்தத்தோடு மாறிவிட்டது. ஆண், பெண் வேறுபாடு இப்போது இல்லை.

முத்தையன்கட்டு மருமகள்:
கேட்கிறேன் ஐயா. நன்றி.

நாற்பதடி ரோட்டு:
பேர்மிற் காணிப் பக்கம் நான் போவதில்லை, எனக்கு உறுதிக் காணி மட்டும்தான். அதில் சிக்கலே இல்லை.

கட்டுப்பெத்தைப் பழசு:
சிக்கல் இல்லையா அண்ணை? 2025 மார்ச் 28 அரச வர்த்தமானி அறிவித்தலை மறந்துவிட்டீர்களா? வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணம் 3,669, முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515, மன்னார் 54. மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்காவிட்டால் அரச காணி என்று தீர்க்கப்படும் என்று வந்ததே. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அரசாங்கமும் பின்வாங்கியது. ஆனால் அந்த மூன்று மாதம் ஊரில் எல்லாரும் டிரங்குப் பெட்டியைக் கிண்டினார்கள். முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்த சனத்திடம் தாத்தாவின் உறுதியைக் கேட்டால் எங்கே போவது?

நான் சொல்வது இதுதான். அந்த வர்த்தமானியை எழுதும் மேசையில் ஒரு வரைபடம் இருந்திருக்கும். அந்த வரைபடத்துக்குள் கிணறு இருந்திருக்காது.

நாற்பதடி ரோட்டு:
சரி, சரி. நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதுக்குள் வைத்திருந்து என்ன பலன்.

2017இல் ஒரு ஐந்து ஏக்கர். பழைய வயல், உறுதி சுத்தம். 1 எக்டேயரை (கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர்) தாண்டினால் 10 வீதம் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதனால் முதலாளி அதை இரண்டு, இரண்டு, ஒன்று என்று மூன்றாகத் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக வரைபடம் கீறினார். கிறவல் போட்டு நிரப்பினோம். நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். ஆசிரியர் ஒருவர், கனடாக் காசில் ஒரு குடும்பம், இரண்டு ஆட்டோக்காரர்.

2018 டிசம்பர். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த அந்த நாட்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்தத் துண்டுகளுக்குள் வந்தது இரணைமடுத் தண்ணீர் கூட இல்லை. மேலே ஒரு சின்னக் குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் போகும் வான் பாய்ந்து, எப்போதும் அந்த வயலால் போகும் தண்ணீர் வழமைபோல வந்தது. நாங்கள் நிரப்பி வைத்திருந்ததால் நின்று, வீடுகளுக்குள் ஏறியது. ஆசிரியரின் மனைவி இரவு போன் எடுத்து ஒன்றும் சொல்லவில்லை, போனை அப்படியே பிடித்துத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்க விட்டா. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கட்டுப்பெத்தைப் பழசு:
இதைச் சொன்னதற்கு நன்றி அண்ணை. எங்கள் குளங்கள் தனித்தனியாக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் ஒன்றின் வான் மற்றதன் வரத்து. இடையில் கிடக்கும் வயலும் பள்ளமும்தான் அந்தச் சங்கிலி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக்கூடாது என்று இருப்பது நெல்லுக்காக என்றுதான் சனம் நினைக்கிறது. தண்ணீருக்கும் அதுதான் காவல். கிளிநொச்சி நகரமே இன்னும் ஒரு பிரதேச சபைக்குள்தான் இருக்கிறது. நகரம் ஏ9 வழியே நீண்டுகொண்டு போகிறது, இரண்டு பக்கமும் வயல். இனி வருகிற ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு வானின் வழியில்தான் விழும்.

கல்லாறு, வேலை உண்டா என்று கேட்டாய். அரச வேலை வெற்றிடம் விட்டால்தான். அதில் உத்தரவாதம் ஒன்றும் தர மாட்டேன். என்னோடு படித்தவர்களில் பலர் கொழும்பில், சிலர் டுபாயில். வன்னிக்குத் திரும்பியவர்களை ஒரு கையில் எண்ணலாம். மதிப்பீட்டுப் பக்கம் போனால் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தனியாகவும் பிழைக்கலாம். காசு மட்டும் கணக்கென்றால் அதுதான் புத்தி. வரைபடத்தில் இருந்து எழும்ப மனம் வராது என்றால் மொறட்டுவையை மேலே போடு. உனக்குப் புவியியலில் என்ன வந்தது?

கல்லாறு:
புவியியல் ஏ. கணக்கீடு பி. பொருளியல் சி.

மல்லாவி டு மான்செஸ்டர்:
அப்போ கேள்வியே இல்லையே!

மட்டறுத்துநர்:
நாற்பதடி ரோட்டு, உங்கள் தனிமடலுக்கு மூன்று பேர் "அந்த ஐந்து ஏக்கர் எந்த இடம்" என்று கேட்டதாக முறையிட்டிருந்தீர்கள். இடத்தையோ ஆட்களின் பெயரையோ இங்கே யாரும் போட வேண்டாம். போட்டால் அழிப்பேன்.

கல்லாறு:
இரண்டு கிழமை எழுதவில்லை. விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. கைநூலைப் பார்த்தபோது என் பாடங்களுக்கு இரண்டும் திறந்திருந்தது. மொறட்டுவையை மேலே போட்டேன், அடுத்தது ஜயவர்தனபுர. வெட்டுப்புள்ளி வந்தால்தான் தெரியும்.

துருசடி ஐயா சொன்ன பத்திரம் கிடைத்தது. அப்பப்பா அதைச் சொப்பிங் பையில் சுற்றி, பிறகு உரப்பையில் சுற்றி, சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். போரின் கடைசியில் புதுமாத்தளன் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்ததாம். மடித்த இடமெல்லாம் எழுத்து அழிந்துபோய்விட்டது. பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அப்பாவுக்கே இது தெரியாது. அப்பப்பாவுக்கு 84 வயது. வருகிற புதன்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.

பிறகு அப்பா தானாகவே கத்தியை எடுத்துக்கொண்டு எல்லைக் கல் தேடப் போனார். மூன்று கல் கிடைத்தது. வாய்க்காலில் இப்போது இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது, நாலாவதைப் பார்க்க முடியவில்லை.

துருசடி:
அவசரப்பட்டு இறங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். போகம் முடியக் குளத்தின் துருசை (மதகை) பூட்டுவார்கள். அப்போது கல் தானாகத் தெரியும்.